சனிக்கிழமை ஈசிஆர் ட்ரிப், எல்லாரும் படிச்சிடுங்க

மக்களே, காலைல 5 மணிக்கு திருவான்மியூர்ல கிளம்பியாகணும், லேட் பண்ணாதீங்க, ஏன்னா முட்டுக்காட்டுல உப்பங்கழி மேல சூரியன் வர்றத பாக்குறதுக்காகத்தான் இவ்ளோ சீக்கிரம், பாலத்து மேல வண்டிய நிறுத்த வேணாம், தாண்டி ஓரமா நிறுத்திக்கலாம்.

மாமல்லபுரத்துல டிபன், கடற்கரை கோயில் மட்டும் பாப்போம், மத்ததெல்லாம் ஏற்கனவே பாத்தாச்சு.

எனக்கு ரொம்ப முக்கியமான ஸ்டாப் ஆலம்பரை கோட்டை. கடப்பாக்கத்துல மெயின் ரோட்ட விட்டு கடல் பக்கம் திரும்பணும். 1760ல பிரெஞ்சுக்காரங்க கிட்டருந்து பிரிட்டிஷ்காரங்க புடிச்சு இடிச்சது, இப்ப மிச்சம் இருக்குறது செங்கல் சுவருங்கதான், ஆனா அந்த சுவர் பக்கத்துல நின்னு பாருங்க, கீழ கழிமுகத்துல மீன் படகு, அதுக்கு அந்தாண்ட மணல் திட்டு, அப்புறம் கடல். சுவர் மேல யாரும் ஏறாதீங்க ப்ளீஸ், கல்லு பேந்து வருது. அங்க நிழல் கம்மி, தொப்பியும் ஆளுக்கு 2 லிட்டர் தண்ணியும் கட்டாயம்.

அடுத்து மரக்காணம் உப்பளம், வெள்ளையா குவிச்சு வெச்சிருப்பாங்க, வேலை செய்றவங்கள கேக்காம போட்டோ எடுக்க வேணாம். மதிய சாப்பாடு பாண்டிச்சேரி போய்த்தான், அதனால பசங்களுக்கு பிஸ்கட், பழம் எடுத்துக்கோங்க.

வழியில கடல்ல இறங்குறது வேணாம், அலை இழுக்கும். வண்டி ஓட்டுறவங்க முந்தின நாள் நல்லா தூங்குங்க. வர்றவங்க இன்னைக்கு ராத்திரிக்குள்ள பேர் போட்டுடுங்க, வண்டி சொல்லணும்.