சிவப்புத் தொப்பி போட்டிருந்த அம்மாவுக்கு நன்றி

2025 மார்ச்சில் சுவிட்சர்லாந்தின் எங்காடின் பள்ளத்தாக்கில் நடந்த உலக ஸ்னோபோர்டு (பனிச்சறுக்குப் பலகை) சாம்பியன்ஷிப்பில், ஹாஃப்பைப் (பாதியாக வெட்டிய குழாய் போன்ற பனிச்சரிவில் பறந்து சுழலும் போட்டி) இறுதிப்போட்டியின்போது எங்கள் பக்கத்தில் நின்ற அம்மாவுக்கு இந்த நன்றி.

என் மகளுக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் மதிப்பெண் ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று ஒரே கேள்வி. நீங்கள் சலிக்காமல் சொன்னீர்கள்: ஆறு நடுவர்கள், அதிகபட்சமும் குறைந்தபட்சமும் கழியும், மீதி நான்கின் சராசரி. மூன்று முறை இறங்கலாம், சிறந்த ஒன்றே கணக்கு. எவ்வளவு உயரம் பறக்கிறார்கள் என்பது மட்டும் போதாது, சுழற்சிகள் ஒன்றுபோல் இல்லாமலும் இருக்க வேண்டும். வழக்கமான காலுக்குப் பதில் மறுகாலை முன்வைத்து இறங்குவது எவ்வளவு கடினம் என்று பனியிலேயே நின்று காட்டினீர்கள். வர்ணனையாளர்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை!

பெண்கள் பிரிவில் அமெரிக்க வீராங்கனை க்ளோய் கிம் மூன்றாவது உலகப் பட்டத்தை வென்றபோது மகள் குதித்த குதிக்கு நீங்கள்தான் காரணம். ஆஸ்திரேலிய வீரர் ஸ்காட்டி ஜேம்ஸ் ஆண்கள் பிரிவில் வென்றதற்கும் அதே ஆர்ப்பாட்டம்தான்.

அப்புறம், அவள் விரல்கள் விறைத்தபோது உங்கள் கையுறையைக் கழற்றிக் கொடுத்தீர்களே, அதற்குத் தனி நன்றி. தமிழில் எழுதியதை நீங்கள் படிக்கப் போவதில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.