கடன் முடிந்தது, உறுதி எங்கே?

பெருந்தோட்ட வீடமைப்புக்குப் பொறுப்பான கௌரவ அமைச்சருக்கும் அமைச்சின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்து எங்களை வளர்த்தவர் என் அம்மா. அவரிடம் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அதற்குள் சம்பளத் துண்டுகளை வருடவாரியாக நூலால் கட்டி வைத்திருக்கிறார். எல்லாவற்றிலும் வீட்டுக்கடன் என்று ஒரு கழிவு உண்டு. மழையிலும் அட்டைக்கடியிலும் உழைத்த காசு. கடன் முடிந்து பல வருடங்களாகிவிட்டன. காணி எங்களுடையது என்று காட்டும் பத்திரம், அந்தக் காணி உறுதி மட்டும் இன்னும் வரவில்லை.

தம்பியின் கல்யாணத்துக்கு முன்னர் வீட்டின் பின்பக்கம் ஓர் அறை கட்ட நினைத்து வங்கிக்குப் போனோம். உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் பேசினார். உறுதி கேட்டார். அம்மா அந்தச் சம்பளத் துண்டுக் கட்டை நீட்டினார். இரண்டு துண்டுகளைப் பார்த்துவிட்டு, அவரே நூலைச் சுற்றித் திருப்பிக் கொடுத்தார். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு தகரம் அடித்து அறையைக் கட்டினோம். அதற்கும் தோட்ட முகாமையாளரான துரையிடம் கடிதம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது. கடனைக் கட்டி முடித்த வீட்டில் ஆணி அடிக்க அனுமதி!

தோட்டத்தில் கேட்டால் காணி அரசாங்கத்துடையது என்கிறார்கள். அரசாங்கக் காரியாலயத்தில் கேட்டால் கம்பனி விடுவிக்க வேண்டும் என்கிறார்கள். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. காணி குத்தகைக்குத்தான் போனது. உரிமையாளர் நீங்கள். குத்தகையிலிருந்து எங்கள் வீட்டு நிலத்தை விடுவித்து, அளந்து, உறுதி எழுதும் அதிகாரம் உங்களிடமே இருக்கிறது.

நாங்கள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு 7 பேர்ச் காணிதான் கேட்கிறோம். 7 பேர்ச் என்றால் ஏறத்தாழ 1,900 சதுர அடி. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தின் ஒற்றைக் காம்பிராவில் பிறந்தவருக்கு அது பெரிய இடம்தான். இந்திய உதவியில் தோட்டங்களுக்கு 4,000 வீடுகள் வந்தன. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அந்த வீடுகளை நான் குறை சொல்லவில்லை. லயத்துக் கூரை ஒழுகும்போது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு மூலை நகர்ந்தவர்களுக்கு அவற்றின் அருமை தெரியும். ஆனால் சாவி கொடுக்கும் அன்றே உறுதியும் கொடுங்கள்.

ஹட்டன், நுவரெலியா நகரங்களை அண்டிக் காணி விற்பனைப் பலகைகள் பெருகிவிட்டன. ஒரு பேர்ச் இலட்சக்கணக்கில் போகிறது. நாட்சம்பளக்காரருக்கு அந்தப் பக்கம் வழியே இல்லை. எங்களுக்கு இருப்பது தோட்டக் காணி ஒன்றுதான்.

இடம் இல்லாதவரை இடம் மாறச் சொல்லிப் பயனில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கிருந்து வெளியேறும்படி முன்னரே எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. மாற்றுக் காணி இல்லாத சனம் எங்கே போகும்? 2025 நவம்பரில் டித்வா புயலோடு மலையகச் சரிவுகள் மறுபடி இறங்கின. அந்த இரவுகளில் நாங்களும் தூங்கவில்லை. புதிய வீட்டுக்கு இடம் பார்க்கும்போது மண்சரிவு ஆபத்தை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கையில் இருக்கட்டும். சரிவான மூலையை ஒதுக்கித் தராதீர்கள்.

கடன் கட்டி முடித்தவர்களை முதல் வரிசையில் வையுங்கள். உறுதியில் மனைவியின் பெயரும் இருக்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலும் கொழுந்துக் காசில்தான் கடன் கழிந்தது. பிள்ளைகள் தோட்ட வேலைக்கு வரவில்லை என்பதற்காக வீட்டுக்கு ஆபத்து வரக்கூடாது. நான் ஆசிரியை, என் தம்பி கொழும்பில் கடையில் வேலை செய்கிறான். அம்மாவுக்குப் பிறகு இந்த வீடு யாருடையது என்று கேட்டால் எங்களிடம் பதில் இல்லை.

1948இல் எங்கள் மலையகச் சனத்திடமிருந்து பறித்த குடியுரிமையின் மிச்சக் கணக்கை 2003 சட்டம் தீர்த்தது. அதற்கே ஐம்பத்தைந்து வருடம். அம்மாவுக்கு 63 வயது. எங்கள் தோட்டத்தில் நில அளவை எந்த மாதம் தொடங்கும், பிரதேச செயலகத்தில் எந்த அதிகாரியிடம் போய்க் கேட்க வேண்டும் என்ற இரண்டையும் எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தோட்டத்து ஆசிரியை ஒருத்தி