படப்புத்தகம் அச்சேற இன்னும் 380 பிரதிகளுக்குப் பணம் வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

வாயில்லா ஜீவன்களிடம் எப்படிப் பரிவாக நடந்துகொள்வது என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லும் 32 பக்க வண்ணப் படப்புத்தகம் அச்சுக்குத் தயார். 1,000 பிரதிகள் போட்டுப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் இலவசமாகத் தருவதாக முடிவு. கையில் இருக்கும் பணம் 620 பிரதிகளுக்குத்தான் வரும். மீதி 380-க்கான தொகை இந்த மாதக் கடைசிக்குள் சேர வேண்டும். வண்ண அச்சில் பிளேட் போடும் செலவு, பிரதி கூடினாலும் குறைந்தாலும் ஒன்றுதான். விட்டுப்போனதை அப்புறம் தனியாக அடித்தால் அந்தச் செலவு மறுபடியும் நம் தலையில் விழும்.

இது நமக்குப் புதிய பாடம் இல்லை. மயில் குளிரில் நடுங்குகிறது என்று தன் போர்வையைக் கொடுத்த பேகனைச் சங்கப் புலவர்கள் பாடினார்கள். கொல்லாமைக்கென்றே ஓர் அதிகாரம் வைத்தார் வள்ளுவர். ஜீவகாருண்யமே இறைவனிடம் போகும் வழி என்று சொன்ன வள்ளலார், 1867-ல் வடலூரில் தருமச்சாலையையும் தொடங்கினார். மாநிலங்களவையில் விடாமல் பேசி, 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வர வழிசெய்தவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். இப்படிப்பட்ட வழியில் வந்தவர்கள் நாம். மேடையில் இதையெல்லாம் பெருமையாகப் பேசுகிறோம். தெருவில் ஒரு பிள்ளை ஓணான் மேல் கல் எறிந்தால் பார்த்துக்கொண்டே போய்விடுகிறோம்.

புத்தகம் உபதேசம் செய்யாது. தும்பியின் வாலில் நூல் கட்டினால் அது என்ன பாடுபடும் என்று காட்டும். பட்டாம்பூச்சியைப் பிடித்ததும் விரலில் ஒட்டும் பொடி அதன் சிறகுச் செதில் என்று சொல்லும். தின்னும்போதும், தூங்கும்போதும், குட்டிகளோடு இருக்கும்போதும் நாயின் பக்கத்தில் போகக் கூடாது. வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டால் அது பயந்திருக்கிறது. கூட்டிலிருந்து விழுந்த இறகு முளைக்காத குஞ்சை மெல்ல எடுத்துக் கூட்டிலேயே வைக்கலாம். மனிதக் கை பட்டதற்காகத் தாய்ப்பறவை அதை ஒதுக்காது. பெரியவர்களே பலர் இதைத் தவறாக நம்புவதால், இந்தப் பக்கம் எங்களுக்கு ரொம்பப் பிடித்த பக்கம்.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! எல்லாப் படங்களையும் வரைந்துவிட்டுக் கூலி வேண்டாம் என்ற ஓவியர், கண் வலிக்க வலிக்கப் பிழை திருத்திய ஓய்வுபெற்ற ஆசிரியைகள், பெயரே போட வேண்டாம் என்று சொல்லி 100 பிரதிகளை ஏற்றுக்கொண்ட பெரியவர், ஒரு பிரதிக்கு மட்டுமே முடியும் என்று தயங்கித் தயங்கிக் கொடுத்தவர்கள். உங்கள் குடும்பங்கள் நன்றாக இருக்க வேண்டும். ஒரு பிரதி கொடுத்தவரும் எங்களுக்குப் பெரிய கொடையாளிதான்.

போன கூட்டத்தில் கைதூக்கி ஒப்புக்கொண்ட சிலருடைய தொகை இன்னும் வரவில்லை. பெயர் சொல்லி எழுத மனமில்லை, அவர்களுக்கே தெரியும். பிள்ளைகளுக்கென்று கொடுத்த வாக்கு அது.

ஆளுக்கு 5 பிரதி ஏற்றால் 76 பேர் போதும். முடியாதவர்கள் ஒன்றே ஒன்று ஏற்றாலும் சரி. எத்தனை பிரதி என்பதை இந்த வாரமே பொருளாளரிடம் சொல்லிவிடுங்கள். தொகையை மாதக் கடைசிக்குள் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
படப்புத்தகக் குழுவினர்