செயலாளரின் ஆண்டறிக்கை 2024–2025

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வருகை தந்துள்ள இலண்டன் வாழ் மூத்தோரே, அனைவருக்கும் வணக்கம்.

தைப்பொங்கல், கோடைகாலச் சுற்றுலா, வாணி விழா, ஒளிவிழா ஆகியன வழமைபோல் நடைபெற்றன.

நான் பொறுப்பெடுத்து நடத்திவரும் நடை உதைபந்தாட்டம் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது; ஏனெனில், வயது போனவர்களைக் கூட்டிச்சென்று விழுத்துகிறேன் என்ற பேச்சு, மைதானத்தின் வாசலைக்கூட மிதித்திராத சிலரிடமிருந்து எழுந்துள்ளது. 2011இல் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் மூத்தோருக்கெனத் தொடங்கப்பட்ட இவ்விளையாட்டில் ஓடக் கூடாது. ஒரு பாதம் எப்போதும் நிலத்தில் இருக்க வேண்டும். உடலோடு உடல் மோதக் கூடாது. சடுதியாக வேகமெடுத்து, சடுதியாக நின்று திரும்பும்போதே பின்தொடையும் கெண்டைக்காலும் பிடித்துக்கொள்கின்றன என்பதால், இவ்விதிகளை மதிப்பதே முதற் பாதுகாப்பாகும். ஆயினும், யாழ்ப்பாணத்தில் பாடசாலை அணிக்கு ஆடிய கால்கள், பந்து எல்லைக்கோட்டை நோக்கி உருண்டால் நடுவரின் விசிலுக்குக் கட்டுப்படுவதில்லை. மணிக்கட்டு முறிந்த உறுப்பினர், மழையில் நனைந்த செயற்கைப் புல்தரையில் ஓடிப்போய்க் கையூன்றி விழுந்தவரேயன்றி, நடந்து விழுந்தவர் அல்லர்.

ஆட்டத்துக்கு முந்திய உடற்பயிற்சி முடியும்வரை காருக்குள் வானொலி கேட்டிருந்துவிட்டு, விசில் ஊதியதும் நேரே முன்வரிசைக்கு வருவோரும் உளர். கார்த்திகை மாதக் குளிரில் இறுகிய தசை முதல் உதையிலேயே பிடித்தால், அதற்குச் செயலாளர் பொறுப்பாக முடியாது.

ஒரு பக்கம் மட்டுமேயான உடல்நலப் படிவத்தைப் பலர் இன்னமும் தரவில்லை. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவரின் தலையில் அடிபட்டால், ஒன்றுமில்லை என்று தேத்தண்ணீர் குடித்துவிட்டு வீடு செல்ல முடியாது. தாமதமின்றி மருத்துவமனையில் காட்ட வேண்டும். அம்மாத்திரையை எவர் எடுக்கிறார் என்பதைப் படிவம் இல்லாமல் நான் அறிவது எங்ஙனம்? நீரிழிவினால் பாத உணர்வு குறைந்த ஓர் அன்பர், பேரனின் ஆணிச் சப்பாத்தை இரவல் வாங்கி அணிந்து வந்து, காலுறையில் இரத்தம் ஊறியிருப்பதை நாங்கள் காட்டிய பின்னரே கொப்புளம் உடைந்ததை அறிந்துகொண்டார்.

இவற்றைக் காட்டி ஆட்டத்தை நிறுத்தக் கோருவது முறையன்று. அறுபத்தைந்து வயதைக் கடந்தோர் வாரத்துக்கு 150 நிமிடங்களாவது மிதமான உடலுழைப்பில் ஈடுபடவேண்டும் என்றும், கால்வலுவுக்கும் சமநிலைக்குமான பயிற்சிகளை இரு நாட்களேனும் செய்யவேண்டும் என்றும் இந்நாட்டுத் தேசிய சுகாதார சேவையே அறிவுறுத்துகிறது. கதிரையில் இருந்தே கால்வலு இழப்பவர் குளியலறையில் விழுந்தால், அதை எவரும் செயற்குழுவில் எழுப்புவதில்லை.

கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். மைதான வாடகை, காப்புறுதி, முதலுதவிப் பொருட்கள் போக ஒரு சிறு தொகை கையிருப்பில் உள்ளது. சந்தா நிலுவை வைத்திருப்போரின் பெயர்களை இங்கு வாசிக்க வேண்டாம் எனத் தலைவர் கேட்டுக்கொண்டதால் தவிர்க்கிறேன். எனினும் எமது காப்புறுதி சந்தா செலுத்திய உறுப்பினர்களுக்கு மட்டுமே உரியது என்பதை நினைவூட்டுகிறேன்.

நடுவராக நின்றவர்களுக்கும், சிற்றுண்டி வழங்கிய மகளிர் குழுவினருக்கும், மண்டபப் பொறுப்பாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இப்பொறுப்பை இளையவர் ஒருவர், அதாவது அறுபதுகளில் உள்ள ஒருவர், ஏற்க முன்வந்தால் விசிலையும் பதிவேட்டையும் மகிழ்வுடன் ஒப்படைப்பேன். எவரும் முன்வராவிடில், படிவம் தராதோரை ஆட்டத்தில் சேர்ப்பதில்லை என்ற தீர்மானத்தைச் சபை இன்றே நிறைவேற்றித் தந்தால் மட்டுமே தொடர இயலும். படிவங்கள் வாசலருகே மேசையில் உள்ளன. பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் பொருளாளரும் அங்கேயே அமர்ந்திருப்பார்.

இங்ஙனம்,
செயலாளர்