ஆள்காட்டி கத்தினால் விலகிவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு கானாடுகாத்தான் பக்கம் வற்றிக் கிடந்த கண்மாய்ப் பொட்டலில் மூன்று பேர் கேமராவோடு நின்றார்கள். தலைக்கு மேலே ஆள்காட்டிக் குருவி கத்திக் கத்திச் சுற்றியது. அப்படிக் கத்தினால் பக்கத்தில் முட்டை இருக்கிறதென்று ஆடு மேய்க்கும் பிள்ளைக்கும் தெரியும். சரளைக்கு நடுவே நான்கு முட்டைகள், சரளை நிறத்திலேயே. படம் தெளிவாக விழ வேண்டுமென்று ஒருவர் சுற்றியிருந்த கற்களை ஒதுக்கினார். அந்தக் கற்கள்தானே ஐயா அதற்கு மறைவு!

இந்த வெயிலில் முட்டை வெந்துவிடாமல் இருக்க, வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து உட்காரும் பறவை அது. நாம் நிற்கும்வரை அதனால் இறங்க முடியாது. குஞ்சுகளோ ஆபத்தென்றால் ஓடாமல் தரையோடு படுத்துவிடும். செருப்புக்கு அடியில் கிடந்தாலும் தெரியாது.

படமே எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. தூரத்தில் காருக்குள் இருந்தே ஜூம் லென்ஸில் எடுங்கள். இடத்தை வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். கூட்டைக் கலைப்பதையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையாகவே கருதுகிறது. கோடை முடியும்வரை கண்மாய்க் கரைகளில் இதை எழுதி வனத்துறை ஒரு பலகை வைத்தால் நல்லது.

வாசகர், காரைக்குடி