மாமாவின் பெடல் பாடுகிறது

காட்பாடி

அன்புள்ள கண்ணுக்கு,

மாமாவின் ஃபஸ் பெடல், கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்குகிற அந்தக் கால்மிதிப் பெட்டி, பாடிவிட்டது. டிரான்சிஸ்டரை மாற்றிவிட்டாயா என்று நீ போனில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டையும் நான் மாற்றவில்லை. பழைய ஜெர்மானியத்துக்குப் பதில் சிலிக்கான் டிரான்சிஸ்டர் போட்டால் தொல்லையே இருக்காது என்று உன் நண்பர்கள் சொல்வது சரிதான். ஆனால் அப்படிச் செய்தால் பெட்டி மட்டும்தான் மாமாவுடையதாக இருக்கும்.

ஃபஸ் ஃபேஸ் என்ற இந்த வட்டப் பெட்டியை லண்டனில் ஆர்பிட்டர் கம்பெனி 1966-ல் வெளியிட்டது. கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் காலடியில் இருந்தது இந்த வகைதான். உள்ளே பார்த்தால் நாலு ரெசிஸ்டர், மூன்று கண்டென்சர், இரண்டு கன்ட்ரோல், இரண்டு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், அவ்வளவுதான். நம் கடைக்கு வந்த பாக்கெட் ரேடியோவில் இதைவிட அதிகம் இருக்கும். இவ்வளவு குறைவாக இருப்பதால்தான் ஒவ்வொரு பாகமும் சத்தத்தில் தெரிகிறது.

எப்போதோ வைத்த 9 வோல்ட் பேட்டரி கசிந்து, கிளிப்பில் பச்சை பூத்திருந்தது. பழைய துத்தநாக பேட்டரியின் கசிவு அமிலம். ஆப்பசோடாவைக் குழைத்துத் தடவி, துடைத்து, காயவைத்தேன். (ஆல்கலைன் கசிந்தால் சோடா வேண்டாம், வினிகர்.) ஒயர் உள்ளேயே அரித்துப்போயிருந்ததால் கிளிப்பை மாற்ற வேண்டியதாயிற்று. 20 மைக்ரோஃபாரட் கண்டென்சர் காய்ந்துவிட்டது, ஃபஸ் கன்ட்ரோலை முழுக்கத் திருப்பினாலும் சத்தத்தில் கடி இல்லை. இப்போது கடையில் கிடைக்கிற 22 போட்டிருக்கிறேன். அதன் பிளஸ் முனை கிரவுண்டுக்கு (எல்லாம் சேருகிற பொது இணைப்புக்கு) போகிறதே என்று யாராவது திருப்பிப் போட்டுவிடப் போகிறார்கள். இந்தப் பெடலில் கிரவுண்டுதான் பிளஸ், அதுதான் சரி. கரகரத்த வால்யூமுக்குக் கான்டாக்ட் கிளீனர் போதும். டிரான்சிஸ்டர் பக்கத்தில் ஈயம் வைக்கும்போது அதன் காலை நோஸ் பிளையரால் பிடித்துக்கொண்டேன், சூடு பிளையரோடு நின்றுவிடும்.

எனக்குப் புரிய நேரம் பிடித்தது வேறொன்று. எல்லாம் முடித்துவிட்டு மதியம் வாசித்துப் பார்த்தால் சத்தம் சப்பென்று, நோட்டு முடியும்போது திக்கித் திக்கி வந்தது. இது சித்திரை வெயில், நம் ஊர் வெயில் உனக்குத் தெரியும். மறுநாள் விடியற்காலையில் அதே பெடல், அதே கிட்டார், அப்படியே தேன். இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர் என்கிற காலில் காலையில் நாலரை வோல்ட் பக்கம், இருக்க வேண்டிய இடத்தில், நின்றது, மதியத்தில் நகர்ந்துவிட்டது. ஜெர்மானியத்தில் லீக்கேஜ், அதாவது தானாகக் கசிகிற மின்சாரம், சூடு ஏற ஏற ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இரட்டிப்பாகும். எந்த பாகமும் பழுதில்லை, சூடுதான்.

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழாக் கச்சேரிகளில் இரவு ஏற ஏறத்தான் கிட்டார் நன்றாகப் பேசும் என்று மாமா சொல்வாரே, நினைவிருக்கிறதா? கூட்டம் கூடுவதால் வருகிற உற்சாகம் என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம். அவர் காதில் விழுந்தது உண்மை, கண்ணு. வைகாசி வெயில் இறங்கி பெட்டி ஆறினதும் டிரான்சிஸ்டர் தன் நிலைக்கு வந்திருக்கிறது. அந்தக் காதுக்கு முன்னால் என் மீட்டர் பெரிதில்லை.

நீ இருக்கிற குளிர் ஊரில் இது இன்னும் நன்றாக இருக்கும் என்றே நினைக்கிறேன். ஹீட்டர் பக்கத்திலும், ஜன்னல் வெயிலிலும், சூடான ஆம்ப்ளிஃபயர் மேலும் மட்டும் வைக்காதே. வாசித்து முடித்ததும் இன்புட் கேபிளை உருவிவிடு, செருகியிருக்கும் வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். நாள்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பேட்டரியையே கழற்றி வை. அடாப்டருக்கென்று பெட்டியில் துளை போட வேண்டாம். மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் சேர்த்தால் இதன் பிளஸ் கிரவுண்டும் அவற்றின் மைனஸ் கிரவுண்டும் கேபிள் வழியாக முட்டி ஷார்ட் ஆகும். பெயின்ட் உதிர்ந்த இடத்தையும் அப்படியே விடு.

அங்கே யாராவது மெக்கானிக் டிரான்சிஸ்டரைக் கழற்றி, சாதாரண மீட்டரில் செருகி ஒரு கெயின் எண்ணை (எத்தனை மடங்கு பெருக்கும் என்பதை) சொன்னால் நம்பாதே. அது லீக்கேஜையும் சேர்த்துத்தான் காட்டும். கழற்றவே விடாதே என்பதுதான் என் ஆசை.

கழற்றிய கண்டென்சரையும் கிளிப்பையும் ஒரு கவரில் போட்டு, எதற்குப் பதில் எதைப் போட்டேன் என்று தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். பெடல் எங்கே போனாலும் அந்தக் கவரும் கூடவே போக வேண்டும். பிறகு ஒருநாள் திறந்து பார்க்கிறவனுக்கு எது 60களில் வந்தது, எது நான் வைத்தது என்று தெரிய வேண்டாமா?

மாமாவிடம் நீயே பேசு. பழைய டிரான்சிஸ்டரைத் தூக்கிப்போட்டுவிடுவோமோ என்று அவருக்கு ஒரு கவலை இருக்கிறது. நான் சொன்னால் சமாதானம் சொல்கிறேன் என்று நினைக்கிறார், நீ சொன்னால் நம்புவார்.

அன்புடன்,
அப்பா