லோடிங் பிரிவு தகராறு: ஞாயிறு கூட்டம்

தோழர்களே, பெங்களூரு பீன்யாவில் நம் கம்பெனி லோடிங் ஆட்களை எந்தச் சங்கம் சேர்ப்பது என்ற இழுபறி கைகலப்பு வரை போய்விட்டது. வேண்டாம். அடிபடுவது நம் ஆட்கள், லாபம் நிர்வாகத்துக்கு.

2020 தொழில் உறவுச் சட்டத் தொகுப்பைப் பாருங்கள். மஸ்டர் ரோலில் (கம்பெனியின் தொழிலாளர் வருகைப் பட்டியலில்) உள்ளவர்களில் 51 சதவீதம் பேர் எந்தச் சங்கத்தில் இருக்கிறார்களோ, அதுதான் நிர்வாகத்தோடு பேசும் பேச்சுவார்த்தைச் சங்கம். யாருக்கும் அவ்வளவு இல்லையென்றால் சங்கங்கள் சேர்ந்த பேச்சுவார்த்தைக் குழு. 20 சதவீதத்துக்கு ஒரு பிரதிநிதி. நம் இரண்டு சங்கத்துக்கும் 51 தேறாது என்றே நினைக்கிறேன். அப்படியென்றால் ஒரே மேசையில்தான் உட்கார வேண்டும். தீராவிட்டால் தொழில் தீர்ப்பாயம் இருக்கிறது, ஆனால் முதலில் நாமே பேசுவோம்.

ஞாயிறு காலை 10 மணி, கேட் எதிரே டீக்கடை மாடி. சந்தா ரசீதைக் கொண்டு வாருங்கள். மற்றச் சங்கத்துத் தோழர்களும் வருகிறார்கள். அதுவரை இந்த சாட் குழுவில் யாரையும் கருங்காலி என்று எழுதாதீர்கள்.